காலடியில் கடல் இல்லை

டுரியான் துங்கல் அணையில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கினால் போதும், மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்தில் அந்தப் பழைய வாதம் தலைதூக்கிவிடும். "அணை கட்டவும் ஜொகூரிடம் தண்ணீர் வாங்கவும் ஏன் இத்தனை கோடி? காலுக்குக் கீழேயே தண்ணீர் கிடக்கிறது. போர் போட்டு எடுத்தால் முடிந்தது!" ரெம்பியா ஒட்டுக்கடையிலும் இதைக் கேட்கலாம், தாமான் குடியிருப்பாளர் கூட்டத்திலும் கேட்கலாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முதியவரும் சொல்கிறார், பட்டம் பெற்ற அவருடைய பேரனும் சொல்கிறார். இத்தனை பேர் சேர்ந்து சொல்வதாலேயே அதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. இங்கே உரசிப் பார்க்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எடுத்துவைப்போம். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கிளந்தானில் குழாயில் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 40 விழுக்காடு நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகிறது, இது உண்மை. மலேசியாவின் நிலத்தடி நீர் இருப்பு 5,000 பில்லியன் கன மீட்டர் என்பது அரசாங்க ஆவணங்களிலேயே திரும்பத் திரும்ப வரும் மதிப்பீடு. அதில் நாம் தொட்டிருப்பது மிகச் சிறு பங்கு, இதுவும் உண்மை. நிலத்தடி நீர் வெயிலில் ஆவியாவதில்லை. அதற்காகக் கிராமங்களை மூழ்கடிக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயங்களில் மூன்று தலைமுறை கிணற்றுத் தண்ணீரில்தான் வாழ்ந்தது. 1991-இல் டுரியான் துங்கல் அணை வறண்டு மாநிலமே தவித்தபோதும், 2020 ஜனவரியில் நீர்ப்பங்கீடு வந்தபோதும், கிணறு வைத்திருந்தவர் வீட்டில் வாளி நிறைந்தது. இவ்வளவும் சரி. இவற்றிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் தவறு. ஏழு காரணங்கள் சொல்கிறேன்.

1. கிளந்தானின் மண் வேறு, நம் மண் வேறு.

கிளந்தான் ஏன் நிலத்தடி நீரில் வாழ முடிகிறது? வட கிளந்தான் சமவெளி, ஆறும் கடலும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொட்டி நிரப்பிய வண்டல் பூமி. உள்நாட்டில் சில பத்து மீட்டரில் தொடங்கும் அந்த வண்டல், கடலோரத்தில் 150 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. மணலும் சரளையும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மணலுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எந்த இடத்தில் குழாயை இறக்கினாலும் சுற்றியுள்ள பெரும்பரப்பிலிருந்து நீர் நகர்ந்து வந்து சேரும்.

மலாக்காவின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கிரானைட்டும், ஷிஸ்ட், ஃபில்லைட் போன்ற உருமாறிய பாறைகளும். கிரானைட் கட்டிக்குள் தண்ணீர் நிற்க இடம் கிடையாது. பாறைக்கு மேலே, வெயிலும் மழையும் சிதைத்த களிமண் போர்வை ஒன்று இருக்கிறது. பாறைக்குள்ளே அங்கங்கே வெடிப்புகள் இருக்கின்றன. நம் நிலத்தடி நீர் தங்கும் இடம் இந்த இரண்டும்தான். மலாக்கா ஆற்றின் ஓரத்தில் வண்டல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது குறுகலான பட்டை. கடலை நெருங்க நெருங்க அதிலும் மென்மையான கடற்களிமண்தான் மிகுதி. களிமண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது.

போர் போடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் கண்ணெதிரே நடக்கும். முதலில் செம்மண் சேறு வரும். பிறகு மஞ்சளும் வெள்ளையும் கலந்த, விரலால் நசுக்கினால் உதிரும் சிதைந்த பாறை வரும். அதற்குப் பிறகு இயந்திரத்தின் சத்தமே மாறிவிடும். மாவு போன்ற சாம்பல் நிறத் தூள் காற்றில் பறக்கும். அந்தத் தூள் திடீரென்று நனைந்து கூழாக வந்தால் ஒரு வெடிப்பைத் தொட்டிருக்கிறோம் என்று பொருள். நனையவே இல்லையென்றால் கொடுத்த பணம் தூளோடு போயிற்று. ஒரு வீட்டில் நீர் பீறிடும், நூறு மீட்டர் தள்ளி அடுத்த வீட்டில் புழுதி மட்டும் வரும். வண்டல் பூமியில் இந்தச் சூதாட்டம் இவ்வளவு மோசமாக இருக்காது.

கடேக் சுடுநீர் ஊற்றைக் காட்டி, "அடியில் தண்ணீர் கொதிக்கிறதே, இதைவிடச் சான்று வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊற்று என் கட்சிக்குத்தான் சாட்சி. மழைநீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. வெடிப்பு இருக்கும் இடத்தில் ஊற்று, இல்லாத இடத்தில் வெறும் பாறை. பக்கத்துத் தாமானில் ஏன் சுடுநீர் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

2. 5,000 பில்லியன் என்பது இருப்பு, வரவு அல்ல.

இந்த எண்ணைத் தூக்கிப்பிடிப்பவர்கள் அதே ஆவணத்தின் அடுத்த வரியைப் படிப்பதில்லை. மலேசியாவில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 990 பில்லியன் கன மீட்டர். அதில் 360 பில்லியன் ஆவியாகவும் மரஞ்செடிகளின் வழியாகவும் வானத்துக்கே திரும்புகிறது. 566 பில்லியன் ஆறுகளில் ஓடுகிறது. நிலத்துக்குள் இறங்குவது 64 பில்லியன், அதாவது நூற்றில் ஆறரைப் பங்கு. ஆண்டுதோறும் நம்பி எடுக்கத்தக்க அளவின் உச்சவரம்பு இந்த 64-ஐச் சார்ந்தது. அந்த 5,000-ஐச் சார்ந்ததல்ல. இபிஎஃப் கணக்கில் கிடக்கும் மொத்தத் தொகையை மாதச் சம்பளம் என்று நினைத்துச் செலவு செய்பவருக்கு என்ன கதி நேரும் என்று தொழிலாளர் குடும்பங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அந்த 5,000 பில்லியன் நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகை என்பதையும் மறந்துவிடுகிறோம். சரவாக்கின் மழையும் கிளந்தானின் மணலும் அதில் அடக்கம். கிளந்தானின் அடியில் கிடக்கும் நீர் பூமிக்கு அடியிலேயே நடந்து ரெம்பியாவுக்கு வராது. மழையிலும் நாம் பின்தங்கியவர்கள். நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். சுமத்திரா மலைகளின் மறைவில் கிடக்கும் மலாக்காவுக்குக் கிடைப்பது சுமார் 2,000 மில்லிமீட்டர்தான்.

3. எத்தனை கிணறு என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

போட்டுப் பார்ப்போம். மலாக்காவின் தேவை நாளுக்குச் சுமார் 500 மில்லியன் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடினப் பாறையில் நல்லபடியாக அமைந்த கிணறு மணிக்கு 10 கன மீட்டர் தருவதாகவும், இருபத்து நான்கு மணி நேரமும் நிறுத்தாமல் இறைப்பதாகவும் கொள்வோம். ஒரு கிணற்றுக்கு நாளுக்கு 240 கன மீட்டர். 500 மில்லியன் லிட்டர் என்பது 5 இலட்சம் கன மீட்டர். வகுத்தால் 2,000 கிணறுகளுக்கு மேல் வேண்டும். மாநிலத்தின் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டர்தான். ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஒன்றுக்கு மேல்! பள்ளிவாசல், கோயில், தோட்டம், நெடுஞ்சாலை, வனக்காப்பகம் எதையும் விடாமல் துளைத்தாலும், அத்தனையும் வெற்றிபெற வேண்டும், ஒன்றின் நீரை மற்றொன்று இழுக்கக் கூடாது, ஒரு பம்ப்கூடப் பழுதாகக் கூடாது. தேவையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஈடுகட்டவே 200-க்கு மேற்பட்ட வெற்றிக் கிணறுகள் வேண்டும். தோற்றுப்போகும் துளைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அணைகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும். டுரியான் துங்கல் அணையின் கொள்ளளவு சுமார் 3.2 கோடி கன மீட்டர். மாநிலத்தின் முழுத் தேவையையும் அது ஒன்றே சுமந்தால் இரண்டு மாதம் தாங்கும். ஒரே மடையைத் திறந்து ஒரே நாளில் பெருமளவு நீரை எடுக்க முடிகிறது. இரண்டாயிரம் பம்புகள் இரவு பகலாக மின்சாரம் தின்று செய்ய வேண்டிய வேலை அது. "கிணறு மலிவு" என்பவர்கள் மின்கட்டணத்தையும், பராமரிப்பையும், பல்லாயிரம் துண்டுகளாகப் போட வேண்டிய குழாய்களையும் கூட்டிவிட்டுப் பேசட்டும்.

4. ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். எதிர்த்தரப்பு ஒருபோதும் தொடாத இடமும் இதுதான். அவர்களுக்கு உதவியாக நானே ஒரு கணக்கைத் தருகிறேன். 1,700 சதுர கிலோமீட்டரில் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3.4 பில்லியன் கன மீட்டர். அதில் ஆறரை விழுக்காடு நிலத்தில் இறங்கினால் 22 கோடி கன மீட்டர். நாள் கணக்கில் 600 மில்லியன் லிட்டர்! "பார்த்தாயா, தேவையைவிட அதிகமாகவே இருக்கிறதே!" என்று துள்ள வேண்டாம். அந்த 600 மில்லியன் இப்போது எங்கே போகிறது?

ஆற்றுக்குத்தான் போகிறது. மூன்று வாரம் மழையே இல்லாத மார்ச் மாதத்திலும் மலாக்கா ஆற்றில் ஏன் நீர் ஓடுகிறது? நிலத்தில் இறங்கிய மழை மெல்லக் கசிந்து ஓடையாகி, ஓடை ஆறாகி வருவதால் ஓடுகிறது. வறண்ட நாளில் ஆற்றில் காணும் நீர், நிலத்தடி நீரின் மறுபிறவி. அந்த ஆற்றைத்தான் சுத்திகரிப்பு ஆலைகள் உறிஞ்சுகின்றன, அந்த ஓடைகள்தான் அணைகளை நிரப்புகின்றன. மேட்டில் நீங்கள் கிணறு போட்டு இழுத்தால், பள்ளத்தில் ஆறு அந்த அளவு மெலியும். சில நாளில் தெரியாது. சில மாதத்தில் அல்லது சில ஆண்டில் தெரியும். ஆக, கிணறு புதுத் தண்ணீரைப் பெரும்பாலும் உண்டாக்குவதில்லை. குழாய்க்கு வரவேண்டியதை வழியிலேயே எடுக்கிறது. அதுவும் ஆறு மிக மெலிந்து, நமக்கு மிகத் தேவையாக இருக்கும் மாதத்தில் எடுக்கிறது.

5. லயத்துக் கிணறு வற்றவில்லை என்பது எதையும் நிரூபிக்கவில்லை.

தோட்டத்துக் கிணறு வற்றாததற்குக் காரணம் அதில் கடல் இருந்தது அல்ல. நாம் எடுத்தது கொஞ்சம். லயத்தில் தோண்டிய கிணறு, பாறைக்கு மேலுள்ள களிமண் போர்வையின் ஈரத்தை வாங்கிக்கொண்டது. பகலில் சில நூறு பேர் கயிறும் வாளியுமாக இறைத்தார்கள். இரவில் கிணறு ஊறிக்கொண்டது. சுற்றிலும் பால்மரக் காடு, சிமெண்டுத் தரை இல்லை, பெய்த மழை மண்ணுக்குள் இறங்க இடம் இருந்தது. இன்று இந்த நாட்டில் ஒருவர் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். அந்த அளவு நீரைக் கயிற்றில் தூக்கிப் பாருங்கள். தாத்தா பாட்டி ஏன் சிக்கனமாக இருந்தார்கள் என்பது தோளுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, அந்த மண்ணின் மீது இப்போது தாமான்களும் தொழிற்பேட்டைகளும் தார்ச்சாலைகளும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எடுப்பது பெருகியது, இறங்குவது குறைந்தது.

புக்கிட் சீனா அடிவாரத்து ஹங் லி போ கிணற்றையும் இப்படித்தான் இழுத்துவருகிறார்கள். மலையடிவாரத்தில் கசிவு வந்து சேரும் இடத்தில் ஒரு நல்ல கிணறு இருந்தது, பழைய நகரத்தின் வாளிகளை அது நிரப்பியது. இன்றைய மாநிலம் ஒன்றின் குழாய்களை அது நிரப்பும் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை.

நம்மில் பலருடைய முன்னோர் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். அந்த ஊர்களின் இன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டின் ஏறக்குறைய முக்கால் பரப்பு நம்மைப் போலவே கடினப் பாறை பூமி. கிணறு வற்றியதும் போர் போட்டார்கள். முன்னூறு அடியில் கிடைத்தது. பிறகு அறுநூறு. கொங்கு நாட்டில் ஆயிரம் அடியைத் தாண்டியும் புழுதி பறக்கிறது. ஆழப்படுத்திக்கொண்டே போனால் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அங்கே உழவர்கள் கடன் வாங்கி விலை கொடுத்திருக்கிறார்கள். பாறையில் ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும். இறைக்கும் செலவு மட்டும் கூடும்.

6. "மண் வடிகட்டிய சுத்தமான தண்ணீர்" என்பது பாதி விளம்பரம்.

நம் வட்டாரக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டவர்களிடம் கேளுங்கள். தேயிலை இறங்கியதும் சில வீட்டுத் தண்ணீர் மை போலக் கறுத்துப்போகும். நீரிலுள்ள இரும்பு, தேயிலையின் துவர்ப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. குழாயிலிருந்து தெளிவாகத்தான் வரும். வாளியில் ஒரு மணி நேரம் நின்றால் காற்றுப்பட்டுப் பழுப்பாகும், மேலே எண்ணெய்போல ஏடு படியும், வெள்ளைப் பள்ளிச்சட்டை இரண்டு சலவையில் மஞ்சளாகும். இரும்பையும் மாங்கனீசையும் நீக்கக் காற்றூட்ட வேண்டும், வடிகட்ட வேண்டும். அதற்கும் ஆலை வேண்டும், ஆள் வேண்டும். நிலத்தடி நீரில் முன்னோடியான கிளந்தானிலேயே மஞ்சள் தண்ணீர் பல்லாண்டுப் புகார். ஆழமில்லாத கிணறுகளுக்கு மலத்தொட்டிக் கசிவும் தோட்டத்து உரமும் எட்டும் தூரம்தான். ஆறு கெட்டால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும், ஊர் கூடிக் கேட்கும். நிலத்தடி நீர் கெட்டால் நோய் வரும்வரை தெரியாது. தெரிந்த பிறகு கழுவியெடுக்கத் தலைமுறைகள் ஆகும்.

7. வண்டல் நிறைந்த பள்ளத்தாக்குகளே தள்ளாடுகின்றன.

நமக்கு இல்லாத அந்தச் செல்வம் உள்ளவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டல் தொட்டி. உழவுக்காக இறைத்துத் தள்ளினார்கள். மென்டோட்டா என்ற ஊருக்கு அருகில் 1925-க்கும் 1977-க்கும் இடையில் நிலம் சுமார் எட்டரை மீட்டர் இறங்கியது. மூன்று மாடி உயரம்! நீரை இழந்த களிமண் அடுக்குகள் நசுங்கிவிட்டன. மீண்டும் மழை பெய்தாலும் அந்தக் கொள்ளளவு திரும்பாது. இறைப்பைக் கட்டுப்படுத்த அம்மாநிலம் முழுமையான சட்டம் இயற்றியது 2014-இல்தான்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரின் கதையும் இதே பாடம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு வண்டலில் நல்ல நீர் இருப்பதை 1960களில் ஐ.நா. உதவியோடு ஆராய்ந்து கண்டார்கள், கிணறுகளைப் போட்டு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். 1969-இல் கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தூரம் வரை இருந்த உப்புநீர், 1980களின் இறுதிக்குள் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஜகார்த்தாவும் பேங்காக்கும் அமிழ்ந்த கதை ஊரறிந்தது. நம் கண்ணெதிரே, சிலாங்கூரின் லங்காட் வடிநிலத்தில் நிலத்தடி நீரை எந்த அளவோடு எடுக்கலாம் என்று ஜப்பானிய உதவி நிறுவனம் ஜைக்கா 2002-இல் தனி ஆய்வே முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மலாக்காவில் கொஞ்சமாவது வண்டல் இருக்கும் இடம் கடலோரம். அடியில் மென்களிமண், பக்கத்தில் நீரிணை, மேலே பழைய நகரம். இறைத்தால் ஒரு பக்கம் உப்பு ஏறும், இன்னொரு பக்கம் தரை இறங்கும். போர் போடத் தோதான இடம் என்று காட்டப்படுவதே போடக் கூடாத இடமாக இருக்கிறது.

"அப்படியானால் நிலத்தடி நீரைத் தொடவே கூடாதா?"

இந்தக் கேள்வி வரும். தொடலாம். மருத்துவமனைக்கும், தீயணைப்புக்கும், குழாய் எட்டாத தோட்டத்துக் குடியிருப்புக்கும், பங்கீட்டு நாட்களில் லோரி நிரப்பும் இடத்துக்கும் கிணறு அருமையான துணை. வெடிப்பை முறையாக ஆராய்ந்து, அளந்து, மட்டத்தைக் கண்காணித்து எடுக்கும் கிணற்றை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. துணையை நாயகனாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். ஆண்டு முழுவதும் இறைத்துத் தீர்த்த கிணறு, வறட்சி வந்த அன்று உதவாது. வறட்சிக்கென்று விட்டுவைத்தது மட்டுமே வறட்சியில் இருக்கும்.

இந்த மாயை யாருக்கு இலாபம் என்பதையும் பார்க்க வேண்டும். "அடியில் இருக்கிறது" என்று மக்கள் நம்பும்வரை, கசியும் குழாயை மாற்று என்று யாரும் குரல் எழுப்ப மாட்டார்கள். நாட்டளவில் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணக் கணக்குக்கு வராமல் போகிறது. மலாக்காவின் நிலை அதைவிடப் பரவாயில்லை என்பதால் ஒழுகுவது ஒழுகாமல் போகாது. நீர்ப்பிடிப்புக் காட்டை வெட்டினால் கேள்வி எழாது. ஆற்றில் கழிவு கலந்தால் "கிணறு இருக்கிறதே" என்ற சமாதானம் கிடைக்கும். புதிய அணைத் திட்டம் தாமதமானாலும் கணக்குக் கேட்க ஆள் இருக்காது. வசதி உள்ளவர் தன் வளவில் போர் போட்டுக்கொள்வார். அவருடைய பம்ப் இழுக்க இழுக்கப் பக்கத்துக் கம்பத்து ஏழையின் மேலோட்டமான கிணறு முதலில் வற்றும். பொதுப் பிரச்சினை தனித்தனி வீட்டுப் பிரச்சினையாக உடைந்துபோகும். அரசாங்கம் எதுவானாலும் அதற்கு இதைவிட வசதியான மூடநம்பிக்கை கிடைக்குமா?

ஆகவே அடுத்த வறட்சியில் சட்டமன்ற உறுப்பினர் எவராவது ரெம்பியாவுக்கு வந்து "இத்தனை போர் போட்டுத் தருகிறேன்" என்று அறிவித்தால், கைதட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு கிணறும் மணிக்கு எவ்வளவு தரும், அதை எத்தனை நாள் இறைத்துச் சோதித்தீர்கள்? அது எந்த ஓடையின் நீரை எடுக்கும்? இரும்பை நீக்கும் செலவும் மின்கட்டணமும் யார் தலையில்? நீர்மட்டத்தை அளந்து ஊருக்கு வெளியிடப்போவது யார்? நான்குக்கும் எழுத்தில் விடை தருபவர் போட்டுத் தரட்டும். தர முடியாதவர் பழைய குழாய்களை மாற்றுவதற்கான ஒதுக்கீட்டோடு திரும்பி வரட்டும்.